எய்ண்ட் நோ சன்ஷைன்: இரண்டு நிமிட ஏக்கத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பாடலைப் பற்றிய பேச்சு இது?

அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ் எழுதிப் பாடி 1971இல் வெளிவந்த ‘எய்ண்ட் நோ சன்ஷைன்’ பாடலைப் பற்றியது. அவள் போய்விட்டால் வெயில் இல்லை, கதகதப்பு இல்லை, வீடு வீடாகவே இல்லை என்று ஒருவன் சொல்கிறான். பாட்டில் இருப்பது இவ்வளவுதான். இரண்டு நிமிடத்தைச் சில நொடிகளே தாண்டும். முன்னிசை கிடையாது, எடுத்த எடுப்பிலேயே குரல் வந்துவிடுகிறது. தனியாகப் பிரித்தெடுக்கும்படி ஒரு பல்லவியும் கிடையாது. திரைப்படம் பார்ப்பவர்களில் பலர் இதை 1999இல் வந்த ‘நாட்டிங் ஹில்’ படத்தில் முதன்முதலாகக் கேட்டிருக்கக்கூடும். காதலியை இழந்த கதாநாயகன் லண்டன் சந்தைத் தெருவில் நடக்கிறான். அவன் நடக்க நடக்க மழை, பனி, வசந்தம் என்று பருவங்கள் மாறிக்கொண்டே போகின்றன. அந்தக் காட்சிக்குப் பின்னால் ஒலிப்பது இந்தப் பாடல்தான்.

இதைச் சோல் இசை என்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாடல்முறையும் ரிதம் அண்ட் புளூஸும் 1950களில் கலந்து பிறந்த இசை. ரே சார்ல்ஸ் தேவனை அழைத்த மெட்டில் காதலியை அழைத்தார். பக்தர்கள் சிலர் முகம் சுளித்தார்கள், மற்றவர்கள் எழுந்து ஆடினார்கள். பின்னர் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனம் அதற்குக் கோட்டும் சூட்டும் மாட்டியது. மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனம் வியர்வை நாற்றத்தோடு அப்படியே விட்டுவைத்தது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

நாம் பேசும் பாடல் இரண்டிலும் சரியாக அடங்காது. மரக் கிதாரும், கத்தாத குரலும், குறைந்த சொற்களுமாகப் பாதி நாட்டுப்புறப் பாட்டைப் போலவே ஒலிக்கிறது. சோல் பாடகர் என்றால் உச்சத்தில் கதறி மண்டியிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

பாடியவர் யார்? அவர் உண்மையிலேயே விமானக் கழிப்பறை செய்துகொண்டிருந்தாரா?

ஆம், கட்டுக்கதை இல்லை. பில் விதர்ஸ் 1938 ஜூலை 4 அன்று மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். சிறுவயது முதலே திக்குவாய். இருபத்தெட்டு வயதுவரை அது அவரை விடவில்லை. கடற்படையில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, 1967இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தார். ஆலை வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில் புதிதாக வந்துகொண்டிருந்த போயிங் 747 விமானங்களுக்கான கழிப்பறைகள் அவர் கையால் உருவாயின. அடகுக் கடையில் ஒரு கிதாரை வாங்கி, தானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டார்.

பெரும்பாலான பாடகர்கள் இருபது வயதில் மேடையேறிவிடுகிற தொழில் இது. விதர்ஸ் முப்பதைத் தாண்டித்தான் நுழைந்தார். கிளாரன்ஸ் அவாண்ட் என்பவர் நடத்திய சசெக்ஸ் என்ற சிறிய நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 1971இல் ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’ என்ற முதல் தொகுப்பு வந்தது. அதன் அட்டைப் படத்தைத் தேடிப் பாருங்கள். செங்கல் சுவரில் சாய்ந்தபடி, கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு, சிரித்த முகமாக ஒரு மனிதர் நிற்கிறார். ஒப்பனைக் கலைஞர் யாரும் அவரை அப்படி நிறுத்தவில்லை. ஆலையில் மதிய இடைவேளையின்போது எடுத்த படம் அது.

பாட்டுத் தொழிலை நம்பி வேலையை விட அவருக்குத் துணிவு வரவில்லை. பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தனவாம். ஒன்று, ஆட்குறைப்பில் அவரை நிறுத்தியிருந்த ஆலைக்கு வேலைக்குத் திரும்பி வரச் சொல்லி. மற்றொன்று, ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட வரச் சொல்லி. விதர்ஸே பேட்டியில் சொன்னது இது. இசைத்தட்டு பத்து லட்சம் விற்றுத் தங்கத் தகுதி பெற்றபோது, நிறுவனம் அவருக்குத் தங்க நிறத்தில் ஒரு கழிப்பறை இருக்கையைப் பரிசளித்தது. நகைச்சுவை உணர்வுள்ள முதலாளிகள்.

பாட்டுக்கு விதை எங்கிருந்து வந்தது? சொந்தக் காதல் தோல்வியா?

சொந்தக் கதை என்று எண்ணத்தான் தோன்றும். விதர்ஸ் சொன்ன காரணம் வேறு. 1962இல் வந்த ‘டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்’ படத்தை அவர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். ஜாக் லெமனும் லீ ரெமிக்கும் கணவன் மனைவி. இருவரும் குடிக்கு அடிமைகள். ஒருவர் மீளும்போது மற்றவர் விழுகிறார். சேர்ந்திருந்தாலும் அழிவு, பிரிந்தாலும் அழிவு. தனக்குக் கேடு என்று தெரிந்த ஒன்றையும் மனிதன் ஏங்கித் தேடுவான் என்பதுதான் விதர்ஸ் அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது. எலி மருந்தைத் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்பது போன்றது அது என்று அவரே ஒருமுறை சொன்னார்.

இதைத் தெரிந்துகொண்டு பாட்டைத் திரும்பக் கேட்டால் காதில் விழுவதே வேறாகிவிடுகிறது. அவள் எப்போது போனாலும் வெகுநாள் போய்விடுகிறாள் என்கிறான். அப்படியென்றால் இது முதல் தடவை இல்லை. இந்தத் தடவை எங்கே போனாளோ, ஒரேயடியாகப் போய்விட்டாளோ என்கிறான். அப்படியென்றால் முன்பெல்லாம் திரும்பி வந்திருக்கிறாள். நல்லவளா, வஞ்சகியா, ஏன் போகிறாள், எவனோடு போகிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் கண்ணையோ கூந்தலையோ பற்றிக்கூட ஒரு வரி இல்லை. அவள் இல்லாத வீட்டைப் பற்றி மட்டுமே பாட்டு பேசுகிறது.

அப்படியானால் இது காதல் பாட்டா, குடிப்பழக்கத்தைப் பற்றிய பாட்டா?

காதல் பாட்டுத்தான். போதையைப் பற்றிய மறைபொருள் பாட்டு என்று அடித்துச் சொல்பவர்கள் அந்தத் திரைப்படச் செய்தியை அளவுக்கு மீறி இழுக்கிறார்கள். பாட்டுக்குள் புட்டி இல்லை, ஒரு பெண்தான் இருக்கிறாள். ஆனால் அவன் அவளுக்கு ஏங்குகிற விதத்தில் குடிகாரனின் நடை இருக்கிறது. விட்டுவிட வேண்டும் என்று தெரிந்தும் விட முடியாத நிலை அது. இந்தப் பாட்டு ஐம்பது ஆண்டுகள் தாங்கியதற்கு அதுவே காரணம் என்பது என் கட்சி. பிரிந்தவளை நினைத்து உருகும் பாட்டுகள் ஆயிரம் உண்டு. உருகுவது முட்டாள்தனம் என்று தெரிந்துகொண்டே உருகும் பாட்டுகள் குறைவு.

நடுவில் ‘ஐ நோ, ஐ நோ’ என்று சொல்லிக்கொண்டே போகிறாரே, ஏன்? வரி மறந்துவிட்டதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பாதி உண்மையும் இருக்கிறது: வரி மறக்கவில்லை, வரியே எழுதப்படவில்லை. அந்த இடத்தில் மூன்றாவது சரணம் ஒன்றை எழுதிச் சேர்க்கும் எண்ணம் விதர்ஸுக்கு இருந்தது. பதிவின்போது இடத்தை நிரப்ப ‘எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்’ என்று பாடி வைத்தார். கூடத்தில் இருந்தவர்கள் அப்படியே விட்டுவிடு என்றார்கள். தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ், கிதார் வாசித்த ஸ்டீஃபன் ஸ்டில்ஸ், பார்க்க வந்திருந்த கிரஹாம் நாஷ் என்று எல்லோருமே அதற்குள் பெயர் பெற்றுவிட்டவர்கள். நானோ ஆலைத் தொழிலாளி, இவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டதாக அவர் பின்னாளில் சொன்னார். மொத்தம் 26 முறை. வேண்டுமானால் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

அந்த இடத்தைக் கொஞ்சம் நெருங்கிக் கேட்கலாம். இரண்டாவது சரணம் முடிந்ததும் கிதாரும் பாஸும் ஒதுங்கிக்கொள்கின்றன. டிரம்ஸ் மட்டும் அடக்கமாகத் தட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் அந்த இரண்டே சொற்கள். முதல் சில தடவை கேட்பவருக்குப் பதில் சொல்வதாகத் தோன்றும்; யாரோ அறிவுரை சொல்ல, சரி சரி தெரியும் என்று மடக்குகிறான். பத்தைத் தாண்டும்போது யாருக்குச் சொல்கிறான் என்பதே போய்விடுகிறது. மூச்சு வாங்க இடம் விடாமல் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, அழுத்தம் தாளத்திலிருந்து நழுவி நழுவி விழுகிறது. கேட்பவர்தான் இதற்கு மேல் தாங்காது என்று நினைக்கிறார். அவன் நிறுத்துவதாக இல்லை. கடைசியில் நின்று, அந்தப் பெண்ணை அவள் போக்கில் விட்டுவிடுவதே முறை என்று சொல்கிறான். சொன்ன வாயாலேயே, ஆனால் அவள் இல்லாவிட்டால் வெயில் இல்லையே என்று பழைய வரிக்குத் திரும்பிவிடுகிறான்.

என்ன தெரியும் என்று ஒரு தடவைகூடச் சொல்வதில்லை. திட்டமிட்டபடி அங்கே ஒரு சரணம் வந்திருந்தால் அதில் ஏதாவது ஒரு விளக்கம் இருந்திருக்கும். அவள் இப்படி, நான் இப்படி என்று ஒரு கதை வந்திருக்கும். கேட்பவர் அந்தக் கதைக்கு வெளியே நின்றிருப்பார். இப்போது அவரவர்க்குத் தெரிந்ததை அங்கே போட்டுக்கொள்கிறார்கள். சிறு வயதிலிருந்து சொல் தொண்டையில் சிக்கித் திக்கிய ஒரு மனிதர், ஒரே சொல்லை இவ்வளவு தடவை தடையில்லாமல் ஓடவிட்டதைக் கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் ஏதோ செய்கிறது. அதை அவர் நினைத்துச் செய்தார் என்று சொல்ல வரவில்லை.

வாசித்தவர்கள் யார் யார்?

கதையில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. புக்கர் டி. ஜோன்ஸ் மெம்பிஸில் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் ஆஸ்தான இசைக்குழுவை நடத்தியவர். சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் பாட்டுகளுக்குப் பின்னால் ஒலித்த குழு அது. அவர் கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்திருந்த நேரத்தில் இந்தத் தொகுப்பைத் தயாரிக்கும் வேலை வந்தது. பாஸ் கிதாருக்கு டொனால்ட் ‘டக்’ டன், டிரம்ஸுக்கு அல் ஜாக்சன் ஜூனியர் என்று தன் பழைய கூட்டாளிகளையே கூட்டிவந்தார். வயலின் வரிசைக்கான இசையமைப்பும் புக்கர் டி. கைவேலைதான்.

அனுபவசாலிகள் என்பதற்கு அடையாளம், அவர்கள் வாசிக்காமல் விட்ட இடங்கள். முதல் சரணத்தில் குரலும் கிதாருமே பெரும்பாலும். பிறகு வயலின்கள் நுழைகின்றன. நுழைந்தும் அழுது வடியவில்லை. அந்த ஆண்டுகளில் வந்த சோல் பாட்டுகள் பலவற்றில் பித்தளைக் குழல்களும் பெண் குரல்களும் இந்நேரம் கூடியிருக்கும்.

வெளிவந்த உடனே வெற்றியா?

இல்லை, பின்வாசல் வழியாகத்தான் வந்தது. சசெக்ஸ் நிறுவனம் ‘ஹார்லெம்’ என்ற பாட்டை முன்பக்கத்தில் வைத்து, இதை இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டது. வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். கோடை முடிவதற்குள், அமெரிக்காவில் எந்தப் பாட்டு அதிகம் ஓடுகிறது என்று காட்டும் பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம். 1972இல் சிறந்த ரிதம் அண்ட் புளூஸ் பாடலுக்கான கிராமி விருது. 2024இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காத்துவைக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதையும் சேர்த்தது.

நம் இசையில் எந்த ராகத்துக்கு அருகில் வரும்?

ராகம் என்று சொல்லிவிடக் கூடாது. பாடுகிற முறையும் சஞ்சாரமும் வேறு. சுரங்களை மட்டும் பார்த்தால், பாட்டு ஏ மைனரில் அமைந்தது. குரல் பெரும்பாலும் மைனர் பென்டடானிக் எனப்படும் ஐந்து சுரங்களுக்குள்ளேயே சுற்றுகிறது. நம் கணக்கில் அது ச, க, ம, ப, நி. அதாவது சுத்த தன்யாசியின் சுரங்கள். அதற்கு மேல் இதை இழுத்தால் பொருந்தாது.

கிதார் பழகுபவர்கள் வாசிக்கலாமா?

தாராளமாக. ஏ மைனர், ஈ மைனர், ஜி, டி மைனர்: இந்த நான்கு கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள், போதும். விரல்கள் இரண்டு வாரத்தில் படிந்துவிடும். சிக்கல் குரலில்தான். போட்டி மேடைகளில் இதைப் பாட வருபவர்கள் முதல் வரியிலேயே வளைத்து நெளித்துக் கமகம் போடத் தொடங்கிவிடுகிறார்கள், நடுப்பகுதி வரும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்துகிறார்கள். அசல் பதிவில் விதர்ஸ் குரலை உயர்த்துவதே இல்லை. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்ற நினைப்போடு பாடிப் பாருங்கள், பாதி சரியாகிவிடும்.

வேறு யாரெல்லாம் பாடியிருக்கிறார்கள்? எது சிறந்தது?

நூற்றுக்கணக்கில் இருக்கும். ஐசக் ஹேஸ் தன் வழக்கப்படி மேடையில் நீட்டி முழக்கினார். பிரேசிலின் சிவுகா அக்கார்டியனோடு இதை வேறொரு தட்பவெப்பத்துக்கு இடம் மாற்றினார். அது நல்ல பதிவு. ஈவா காசிடியின் குரலில் கேட்பவர்களும் உண்டு.

பேச வேண்டியது மைக்கேல் ஜாக்சனைப் பற்றி. 1972 தொடக்கத்தில் வந்த ‘காட் டு பி தேர்’ தொகுப்பில் இதைப் பாடியபோது அவருக்கு வயது பதின்மூன்று. பிரிட்டனில் அந்தப் பதிவு எட்டாம் இடம்வரை போனது. குரல் அபாரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டு தொடங்குமுன் அவர் ஒரு சிறு பேச்சுப் பேசுகிறார்: வைத்துக்கொள்ளக் கூடாது என்று தெரிந்த ஒன்றை விரும்பியதுண்டா என்கிற மாதிரி. விதர்ஸ் எதைச் சொல்லாமல் விட்டாரோ, அதை வாசலிலேயே நின்று விளக்கிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். பதின்மூன்று வயதுப் பையன், அந்தச் சின்னப் பெண்ணை விட்டுவிட வேண்டும் என்று முதிர்ந்த குரலில் பாடுவதிலும் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. அசலுக்கு அருகில் எதையும் வைக்க எனக்கு மனமில்லை. வைக்கத்தான் வேண்டும் என்றால் சிவுகா.

காதல் முறிந்த நேரத்தில் இதைக் கேட்டால் ஆறுதல் கிடைக்குமா?

கிடைக்காது. ஆறுதல் சொல்லும் பாட்டு இல்லை இது. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்றோ, இன்னொருத்தி வருவாள் என்றோ இதில் எங்கும் இல்லை. கடைசி வரியே ஒரு முடிவுக்கு வராமல், அவள் போகும்போதெல்லாம், போகும்போதெல்லாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் ஓய்கிறது. துணைக்கு ஒருவன் இருக்கிறான் என்ற அளவுக்குப் பயன்படும். இரவு பதினொரு மணிக்கு மேல் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருப்பது நல்லது.

இவ்வளவு புகழ் பெற்றவர் ஏன் பாடுவதை நிறுத்தினார்?

சசெக்ஸ் நிறுவனம் 1970களின் நடுவில் மூடப்பட்டது. பிறகு கொலம்பியா நிறுவனத்துக்குப் போனார். அங்கே இப்படிப் பாடு, அப்படிப் பாடு, ஏற்கெனவே பெயர் பெற்ற இன்னொருவர் பாட்டைப் பாடு என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள் என்று பல பேட்டிகளில் கசப்போடு சொல்லியிருக்கிறார். 1985இல் ஒரு தொகுப்பு வந்தது, அதோடு சரி. மேடைக்குத் திரும்பும்படி எவ்வளவோ பேர் கேட்டும் போகவில்லை. முப்பது வயதுக்கு மேல் இந்தத் தொழிலுக்கு வந்தவருக்கு அது இல்லாமலும் வாழத் தெரிந்திருந்தது. 2015இல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டபோது அவரை வரவேற்று அறிமுகம் செய்தவர் ஸ்டீவி வொண்டர். அன்று இந்தப் பாடலை ஸ்டீவி பாட, விதர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். 2020 மார்ச் 30 அன்று, இதய நோய்ச் சிக்கலால், 81 வயதில் காலமானார்.

இதைப் பிடித்தவர்கள் அடுத்து எதைக் கேட்கலாம்?

அதே முதல் தொகுப்பில் உள்ள ‘கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்’. இதைப்போலவே இரண்டு நிமிடப் பாட்டு. தன் பாட்டியின் கைகளைப் பற்றி மட்டும் பாடுகிறார். அடுத்து 1972இல் வந்த ‘யூஸ் மீ’. அது இந்தப் பாட்டின் குறும்புக்காரத் தம்பி: அவள் என்னைப் பயன்படுத்திக்கொள்கிறாள் என்று நண்பர்கள் எச்சரிக்க, பரவாயில்லை, நன்றாகப் பயன்படுத்தட்டும் என்கிறான். அதே ஆண்டின் ‘லீன் ஆன் மீ’ பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், 1972 அக்டோபரில் நியூயார்க் கார்னகி ஹாலில் பதிவுசெய்து 1973இல் வெளியிட்ட நேரடி நிகழ்ச்சித் தொகுப்பை எடுங்கள். நாம் பேசிய பாட்டும் அதில் இருக்கிறது. பாட்டியின் பாட்டுக்கு முன்னால் அவர் தேவாலயத்தையும் பாட்டியையும் பற்றி நிதானமாகக் கதை சொல்வார், கூட்டம் சிரிக்கும். பாட்டு எப்போது வரும் என்று அந்தப் பேச்சைத் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள்.